நாற்றமும் நிலமும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச அனுபவத்தில் வெடிபொருளறி கருவிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி யாருடைய தேவைக்காக உருவாக்கப்பட்டது, எவர் கையில் இருந்தது, எவரை நோக்கி நீட்டப்பட்டது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. வெடிபொருளின் மிக நுண்ணிய சுவட்டையும் காற்றிலோ நீரிலோ கண்டறியவல்ல இரசாயன உணரிகள் கடந்த கால் நூற்றாண்டுக்கு மேலாக நனோப் பொருள்களின் துணையுடன் பெருவளர்ச்சி கண்டுள்ளன. இவ்வளர்ச்சியைத் தூய விஞ்ஞானத்தின் வெற்றியாக மட்டும் நோக்குவது, விஞ்ஞானம் இயங்கும் சமூக உறவுகளை மறைப்பதாகவே முடியும்.

முப்பதாண்டுப் போரின்போது வெடிபொருள் மண்ணோடு மண்ணாய்க் கிடந்த பிரதேசங்களுள் மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் ஒன்றாகும். அப்பிரதேசத்தின் அனுபவத்திலிருந்து இக்கருவிகளின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய மாணவர் ஒருவர் இத்துறையிற் புகுவதற்கு நியாயம் உண்டு. இவ்வரலாற்றின் முதற் சான்றுகள் சொற்களிலேயே கிடைக்கின்றன.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்குமிடத்து, தொடுகைக்கும் சுவைக்கும் அடுத்த மூன்றாவது அறிவாக மோப்பத்தை வைக்கின்றது. சிதலும் எறும்பும் அவ்வறிவுடையனவாகக் கூறப்படுகின்றன. நறுமணத்தைச் சுட்டிய நாற்றம் என்னுஞ் சொல் பிற்காலத்தில் தீயமணத்துக்கு உரியதாயிற்று. இன்று விஞ்ஞானம் செய்ய முனைவது இம்மூன்றாம் அறிவைப் பொறியொன்றுக்கு ஊட்டுவதே. அவ்வறிவு எதன் பொருட்டு ஊட்டப்படுகின்றது என்பதே நம் முன் உள்ள வினா.

2

வெடிபொருளின் வரலாறும் அதனைக் கண்டறியும் கருவியின் வரலாறும் ஒன்றையொன்று துரத்தியே வளர்ந்துள்ளன. இன்று ரி.என்.ரி. என அறியப்படும் பொருளை ஜேர்மானிய இரசாயனவியலாளர் வில்பிராண்ட் 1863இல் ஆக்கியபோது அது மஞ்சட் சாயப்பொருளாகவே கருதப்பட்டது. நோபல் 1867இல் டைனமைற்றுக்குக் காப்புரிமை பெற்றார். சுரங்கமும் இருப்புப்பாதையும் கால்வாயும் வேண்டிநின்ற முதலாளித்துவத்துக்கு அது உற்பத்திக் கருவியாயிற்று. ஜேர்மானியச் சாயத் தொழிற்றுறையின் வளர்ச்சியோடு ரி.என்.ரி. பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பீரங்கிக் குண்டுகளின் உள்ளீடாயிற்று. துணிக்கு நிறமூட்டிய தொழிற்சாலையே போருக்கும் பொருள் வழங்கியது.

இரண்டாம் உலகப் போரில் நிலவெடிகள் பரவலாகப் புதைக்கப்பட்டபோது, அவற்றைக் கண்டறியும் முதலாவது பயனுள்ள கையடக்கக் கருவி தோன்றிற்று. போலந்து அதிகாரியான கொசாக்கி ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த காலத்தில் அமைத்த அவ்வுலோகங்காண் கருவி 1942இல் எல் அலமெய்ன் சமரிற் பயன்படுத்தப்பட்டது. அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. இன்றைய நனோ உணரிகள் காப்புரிமைகளால் வேலியிடப்பட்டு நிற்பதோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தும்.

உலோகத்தைக் கருவி கண்டதும் வெடி உலோகத்தைக் கைவிட்டது. அதே 1942இல் ஜேர்மானியர் மரப்பெட்டியில் அமைந்த மிதிவெடிகளைப் பயன்படுத்தலாயினர். பின்னர் பிளாஸ்ரிக் உறைகள் வந்தன. இலங்கை இராணுவம் பயன்படுத்திய பாகிஸ்தானியத் தயாரிப்பான பி-4 மிதிவெடியில் ஏறத்தாழ 30 கிராம் வெடிபொருளும் மிகச் சொற்பமான உலோகமுமே உண்டு. விடுதலைப் புலிகள் தாமே தயாரித்த மிதிவெடிகளுள் ஜொனி என வழங்கிய வகை மரப்பெட்டியில் அமைந்தது. ரங்கன் எனப்பட்ட வகை பி-4இன் சாயலிற் செய்யப்பட்ட பிளாஸ்ரிக் வெடி. ஐரோப்பியப் போர்க்களத்தில் நிகழ்ந்த முரணியக்கம் அரை நூற்றாண்டு கழித்து ஈழத்து வயல்வெளிகளில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

இதன் விளைவு யாதெனில், உலோகங்காண் கருவி தேடவேண்டிய வெடியைத் தவறவிட்டு, தேடவேண்டாத ஆணி, தகரம், வெற்றுத் தோட்டா ஆகியவற்றுக்கெல்லாம் ஒலியெழுப்பலாயிற்று. ஒவ்வோர் ஒலிக்கும் மனிதர் ஒருவர் முழந்தாளிட்டு மண்ணை விலக்கிப் பார்த்தல் வேண்டும். வெடியின் உறையைத் தேடுவதை விடுத்து வெடிபொருளையே தேடுதல் வேண்டும் என்னும் சிந்தனை முனைப்புப் பெற்றமைக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

3

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே விரிந்துகிடக்கும் வயலும் காடும் மேய்ச்சற்றரையும் படுவான்கரை. ஞாயிறு எழுவதும் படுவதும் நோக்கி இடப்பட்ட இப்பெயர்கள் புவியியலை மட்டுமன்றிச் சமூக அமைப்பையும் சுட்டுவன. படுவான்கரையின் வயல் வட்டைகளிற் காணியுடைமை போடிமாரிடம் இருந்தது. முல்லைக்காரரும் வயற்கூலிகளும் அவற்றில் உழைத்தனர். போடியார் எழுவான்கரையிலோ நகரிலோ வாழ்ந்துகொண்டு அறுவடையிற் பங்கு பெறுவது இயல்வதாயிருந்தது. முல்லைக்காரருக்கு அவ்வாறன்று, காலடி மண்ணிற் பதிந்தாலன்றி அவருக்கு வாழ்வில்லை.

போர்க்காலத்தில் இவ்வாவி எல்லைக்கோடாயிற்று. எழுவான்கரை பெரும்பாலும் அரச படைகளின் பிடியிலும் படுவான்கரை நெடுங்காலம் புலிகளின் பிடியிலும் இருந்தன. மண்முனை, அம்பிளாந்துறை, குருமண்வெளி ஆகிய துறைகளில் ஓடமேறியோர் ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்குச் சென்றனர். முகாம்களையும் பாதைகளையும் காக்கவென இருதரப்பினரும் நிலவெடிகளைப் புதைத்தனர். விறகு வெட்டுவோர், மாட்டுப்பட்டி மேய்ப்போர், தேனெடுப்போர், வயற்கூலிகள் ஆகியோரே தம் தொழிலின் தன்மையாற் பாதையை விட்டு விலகி நடக்க வேண்டியோராயிருந்தனர். நிலவெடி ஆள் பார்ப்பதில்லை என்பர். ஆனால் அது புதைக்கப்பட்ட நிலத்தில் நடக்க வேண்டியோர் யார் என்பதை வர்க்கமே தீர்மானித்தது.

மக்கள் வழக்கில் உருவான இரு சொற்கள் இங்கு நோக்கத்தக்கன. கண்ணிவெடி என்னுஞ் சொல்லில் உள்ள கண்ணி, வேடன் விலங்குக்கும் பறவைக்கும் வைப்பது. அச்சொல் வைத்தவனின் நோக்கிலிருந்து பிறந்தது. மிதிவெடி என்னுஞ் சொல் காலைக் கூறுகின்றது. அது மிதித்தவனின் நோக்கிலிருந்து பிறந்தது. ஒரே போரின் இரு பார்வைகள் இவ்விரு சொற்களிற் பதிவாகியுள்ளன.

வெடிபொருளைக் கண்டறிய இயலாமை என்பது இப்பிரதேசத்தில் வெறும் தொழில்நுட்பக் குறைபாடாக அமையவில்லை. 1991 ஜூன் 12ஆம் நாள் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இராணுவத்தின் உழவு இயந்திரமொன்று வெடியிற் சிக்கியதில் இரு படையினர் இறந்தனர். அதன் பின் படையினர் மகிழடித்தீவு முதலிய அயற்கிராமங்களுட் புகுந்து பொதுமக்களைக் கொன்றனர். ஜனாதிபதி ஆணைக்குழுவொன்று இதனை விசாரித்து, 67 பொதுமக்கள் கொல்லப்பட்டமையையும் அது மோதலில் நேர்ந்த இழப்பன்று, படையினரின் பழிவாங்கலே என்பதையும் ஏற்றுக்கொண்டது. ஊரவர் கூறும் எண்ணிக்கை இதனினும் மிக அதிகம். வெடியைப் புதைத்தவர் யார் என அறியாத அதிகாரம், வெடிக்கு அருகில் வாழ்ந்த அனைவரையும் அதனை அறிந்தோராகக் கருதியது. மண்ணைப் பற்றிய அறியாமை மக்கள் மீதான குற்றச்சாட்டாக உருமாறியது.

வேறொரு வகையிலும் இச்சந்தேகம் தொழிற்பட்டது. அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்கு யூரியா முதலிய உரங்களை எடுத்துச் செல்வது போர்க்காலத்திற் கட்டுப்படுத்தப்பட்டது. உரத்துக்கும் வெடிபொருளுக்கும் நைதரசனே பொது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். இதன் மூலவரலாறு இலங்கைக்கு அப்பாற்பட்டது. 1913இல் ஜேர்மனியிற் பெருமளவில் அமோனியா தொகுக்கப்படத் தொடங்கியபோது அது பயிருக்கான உரமாயிற்று. அடுத்த ஆண்டு போர் மூண்டதும் அதுவே வெடிபொருளின் ஊற்றுமாயிற்று. இவ்விரட்டைப் பயனுக்கு விலை கொடுத்தவர் படுவான்கரை உழவர். அவரது பயிருணவு பாதுகாப்புப் பிரச்சினையாக மாறியது.

4

வெடிபொருளையே மோந்தறியும் முயற்சிக்கு இயற்கை இட்ட தடை பெரிது. அறை வெப்பநிலையில் மூடிய கலமொன்றில் நிறைந்துள்ள ரி.என்.ரி. ஆவி, காற்றின் நூறுகோடிப் பங்கிற் பத்துப் பங்கைத் தாண்டுவதில்லை. ஆர்.டி.எக்ஸ். எனப்படும் வெடிபொருளின் ஆவி இலட்சங்கோடிப் பங்கில் ஒரு சில பங்கே. மண்ணுட் புதைந்த வெடியின் மேற்பரப்புக் காற்றில் இவை இன்னும் பன்மடங்கு குறையும். ரி.என்.ரி.யுடன் மாசாகக் கலந்திருக்கும், அதனிலும் எளிதில் ஆவியாகும் டைநைத்திரோதொலுயீனே பெரும்பாலும் நாயின் மூக்குக்கும் கருவிக்கும் வழிகாட்டுகின்றது.

இத்துணை நுண்ணிய அளவை அறிய நனோப் பொருள் எவ்வாறு உதவுகின்றது? ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனவுருவின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனைப் பத்து நனோமீற்றர் பக்கமுள்ள சிறு கனவுருக்களாகப் பகுப்போமாயின், திணிவு மாறாமலே மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும். உணர்தல் என்பது மேற்பரப்பிலே நிகழ்வதாகையால், பொருளின் பெரும்பகுதி உள்ளே வாளாவிராது வெளியே வந்து தொழிற்படுகின்றது. யப்பானிய ஆய்வாளர் இஜிமா 1991இல் விவரித்த காபன் நனோக்குழாயில், ஒற்றைச் சுவருடைய வகையைப் பொறுத்தவரை, அணுக்கள் யாவும் மேற்பரப்பிலேயே உள்ளன. அதன் மீது அந்நிய மூலக்கூறு ஒன்று ஒட்டியதும் மின்கடத்துதிறன் மாறுகின்றது. நைதரசனீரொட்சைட்டையும் அமோனியாவையும் இவ்வழியில் அறியலாம் என்பதை ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2000ஆம் ஆண்டிற் காட்டினர்.

ரி.என்.ரி. மூலக்கூறில் உள்ள மூன்று நைத்திரோக் கூட்டங்கள் இலத்திரன்களைத் தம்பால் இழுக்கின்றன. எனவே அது இலத்திரன் வறுமையுற்ற மூலக்கூறு. இலத்திரன் செறிந்த பொருளொன்றை அதற்கு அருகில் வைத்தால் இலத்திரன் அதன்பாற் பாய்கின்றது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் சுவேகர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இவ்வியல்பைப் பயன்படுத்திற்று. ஒளிரும் பல்பகுதியச் சங்கிலியொன்றில் ஏதேனும் ஓரிடத்தில் ரி.என்.ரி. ஒட்டினால், அச்சங்கிலி வழியே நகரும் சக்தி அவ்விடத்தில் அகப்பட்டு, சங்கிலியின் பெரும்பகுதியினது ஒளியும் அவிகின்றது. ஒரு மூலக்கூறின் வருகை பலவற்றின் மறுமொழியாகப் பெருக்கப்படுகின்றது. இதேபோற் பொன் நனோத்துணிக்கைகள் தனித்திருக்கையிற் செந்நிறமும் ஒன்றுதிரளுகையில் நீலநிறமும் காட்டுவன. அமைன் கூட்டங்களை அவற்றின் மேற் பூசிவைத்தால், ரி.என்.ரி. அவற்றைப் பிணைத்துத் திரளச்செய்யும். நிறமாற்றத்தைக் கண்ணாலேயே காணலாம். 2016இல் மசாசூசெற்ஸ் ஆய்வாளர் காபன் நனோக்குழாய்களைப் பசளிக்கீரை வகையொன்றின் இலையுட் செலுத்தி, வேர் உறிஞ்சிய நீரில் உள்ள நைத்திரோ அரோமற்றிக் சேர்வைகளை இலை அறிவிக்கும்படி செய்தனர்.

ஆய்வுகூடத்திற் பெற்ற வெற்றி வயலில் அப்படியே பலிப்பதில்லை. உலர்ந்த மண் வெடிபொருளின் ஆவியை இறுகப் பற்றிக்கொள்கின்றது. மண் நனையும்போது நீர் அதனை விடுவிக்கின்றது. ஆகவே ஒரே நிலத்தில் ஒரே வெடி கோடையில் மௌனமாயும் வடகீழ்ப் பருவமழையின் முதற் பெயலிற் பேசுவதாயும் இருக்கலாம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ரி.என்.ரி.யை வேறு சேர்வைகளாக மாற்றுகின்றன. வெள்ளம் அதன் சுவட்டை வெடி கிடக்கும் இடத்திலிருந்து பெயர்த்துவிடுகின்றது. சிலவேளை வெடியையே பெயர்த்துவிடுகின்றது. மழையும் வாவிப் பெருக்கும் ஆண்டுதோறும் நிலத்தை மூடும் பிரதேசத்தில் இவை சிறு சிக்கல்களல்ல.

5

இவ்வுணரிகளின் நுண்மை மிகுந்தோறும் ஒரு வினா கூர்மையடைகின்றது. கருவி தவறுமிடத்து அத்தவற்றின் சுமை எவர்மேல் விழுகின்றது?

1974 நவம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 21 பேர் இறந்தனர். கைதான அறுவருட் சிலரின் கைகளில் நைத்திரோகிளிசரின் சுவடு உண்டென ஓர் இரசாயனச் சோதனை காட்டியதாகக் கூறப்பட்டது. 1975இல் ஆறு ஐரிஷ் தொழிலாளருக்கும் ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது. அவர்கள் ரயிலிற் சீட்டாடியிருந்தனர். சீட்டுகளின் மேற்பூச்சிலுள்ள நைத்திரோசெலுலோசும் அதே மறுமொழியைத் தரவல்லது என்பது பின்னர் வெளிப்பட்டது. பலவந்தமாகப் பெறப்பட்ட வாக்குமூலங்களும் பொய்த்தன. 1991 மார்ச்சிலேயே தீர்ப்பு நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனிலே கொக்கட்டிச்சோலை நிகழ்ந்தது. ஓரிடத்திற் கருவி தவறாகக் கண்டது. மற்றோரிடத்திற் கண்டறிதலே நிகழவில்லை. இரண்டிலும் ஒடுக்கப்பட்ட இனமொன்றின் உழைக்கும் மக்களே குற்றவாளிகளாயினர். சோதனைக் குழாயின் நிறம் சாட்சியாவதும் ஊர் முழுவதும் சந்தேகத்துக்குரியதாவதும் அதிகாரத்தின் அமைப்பைப் பொறுத்தனவே.

சந்தையின் தர்க்கத்தையும் இங்கு நோக்குதல் தகும். 1988இல் லொக்கர்பியில் வானூர்தி வெடித்து 270 பேர் இறந்தபின் விமான நிலையங்களுக்கான வெடிபொருளறி கருவிகள் பெருந்தொழிலாயின. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகம் 1997இல் நாயின் மூக்கு என்னும் பெயரில் தொடங்கிய திட்டம் நிலவெடியைக் கண்டறிவதையே நோக்காகக் கொண்டது. அத்திட்டத்தின் ஆதரவுடன் சுவேகரின் பல்பகுதியத்திலிருந்து உருவான கருவி வாணிபப் பொருளாகி ஈராக்கிற் படையினரின் கைக்குச் சென்றது. பயணிகளின் பைகளைச் சோதிக்கும் கருவிக்கு வாங்குவோர் உண்டு. மீளக்குடியேறிய கூலிவிவசாயியின் நிலத்தைச் சோதிக்கும் கருவிக்கு வாங்குவோர் இல்லை. பம்பாய் இந்தியத் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்விலிருந்து பிறந்து 2021இல் வெளியிடப்பட்ட நனோஸ்னிபர் என்னும் கருவி, இத்தொழில்நுட்பம் மேற்குலகின் தனியுடைமையன்று என்பதை நிறுவியது. எனினும் அதுவும் பாதுகாப்புச் சோதனை நிலையங்களையே முதன்மையாக நோக்கியது.

அச்சத்துக்கு விலை உள்ள சந்தையிற் போலியும் விலைபோகும். கோல்ப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளைப் போன்றதொன்றை வெடிபொருளறி கருவியெனக் கூறிப் பிரித்தானிய வணிகர் ஒருவர் ஈராக்குக்குக் கோடிக்கணக்கான டொலருக்கு விற்றார். 2013இல் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அக்கருவியை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றோர் உயிரிழந்தமைக்குக் கணக்கில்லை.

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு சிறுவர்கள் உட்படப் பலரைப் பலிகொண்டது. அங்கு எக்கருவியும் இருக்கவில்லை. வந்தவர்மேல் ஐயங்கொண்டு வாசலிலேயே தடுத்து நின்ற ஒருவரது விழிப்பே இழப்பு மேலும் பெருகாமற் காத்தது. உணரிகள் தேவையற்றவை என்று இதனாற் கொள்ளலாகாது. பொதுமக்களின் உயிரைக் காப்பதற்கு அவை வேண்டியனவே. ஆனால் அவை யாருடைய கட்டுப்பாட்டில், எவ்வரையறைகளோடு இயங்கவேண்டும் என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை.

6

2007 ஜூலையில் தொப்பிகலை வீழ்ந்ததோடு கிழக்கிற் போர் ஓய்ந்தது. அதன் பின் மட்டக்களப்பின் நிலவெடிகளை அகற்றியது எந்த நனோ உணரியும் அன்று. மாக் எனப்படும் நிலவெடி ஆலோசனைக் குழு முதலிய அமைப்புகளின் தொழிலாளரும் படையினரின் அகற்றற் பிரிவினரும் வெயிலில் முழந்தாளிட்டுச் சாண் சாணாக நிலத்தை மீட்டனர். உலோகங்காண் கருவி தவறவிடும் வெடிகளுக்காக, இலங்கையின் வடபகுதியில், நீண்ட கைபிடியும் இரும்புப் பற்களும் கொண்ட வாரியால் மண்ணைச் சுரண்டும் முறையும் கையாளப்பட்டது. உழவனின் கருவியை ஒத்ததொன்றே உழவனின் நிலத்தை மீட்டது. அவ்வணிகளிற் போரால் குடும்பச் சுமையை ஏற்க நேர்ந்த பெண்கள் பலர் கூலிக்கு உழைத்தனர் என்பதும் வரலாற்றிற் பதியப்பட வேண்டியது.

2017 ஜூனில் மட்டக்களப்பு மாவட்டம் நிலவெடி அபாயம் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. அறியப்பட்ட இடங்கள் யாவும் துப்புரவாக்கப்பட்டன என்பதே இத்தகைய அறிவிப்பின் பொருள். அறியப்படாதன இல்லை என்பதன்று. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை ஆளெதிர் நிலவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. 2028 ஜூன் மாதத்துக்குள் நாடு முழுவதையும் துப்புரவாக்கும் கடப்பாட்டையும் ஏற்றது.

இவற்றிலிருந்து பெறப்படுவது, புதிய கருவி வேண்டாம் என்பதன்று. மனித உழைப்பின் ஆபத்தையும் காலத்தையும் குறைக்கவல்ல எந்த விஞ்ஞானமும் உழைப்போருக்கு உரியதே. கருவியின் திசையே மாறவேண்டியது. இதுகாறும் வெடிபொருளறி உணரி மனிதரின் உடலையும் பையையும் நோக்கியே பெரிதும் நீட்டப்பட்டது. அது மண்ணையும் நீரையும் நோக்கித் திரும்புதல் வேண்டும். உரந்தொட்ட கையையும் வெடிபொருள் தொட்ட கையையும் பிரித்தறிய வல்லதாகவும், ஐயத்துக்குரிய விளைவு மறுசோதனையின்றிச் சாட்சியமாகாத சட்ட ஏற்பாட்டோடும் அது பயன்படுதல் வேண்டும்.

வாவியை அடுத்தே பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. பொன் நனோத்துணிக்கையின் நிறமாற்றத்தை அறியப் பெரும் ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வெடிபொருளின் எச்சங்களை மட்டுமன்றி, வயல்களிலிருந்து வாவியில் வடியும் நைத்திரேற்றையும் நாசினிகளையும் அறியவும் இதே அடிப்படையிலான உணரிகளை வளர்க்கலாம். அவ்வாய்வின் வினாக்களை மீனவரும் முல்லைக்காரரும் பட்டிக்காரரும் சேர்ந்து வகுக்கும்போதுதான் விஞ்ஞானம் மக்கள் விஞ்ஞானமாகும்.

மீன்பாடும் தேனாடு என அழைக்கப்படும் இப்பிரதேசத்தின் மக்கள் தோணித்தண்டை நீரில் இட்டுக் காதில் வைத்து வாவியின் ஒலியைக் கேட்டறிந்தவர்கள். தம் நீரையும் நிலத்தையும் தாமே அறியும் உரிமை அவர்களுக்குப் புதிதன்று. அவ்வுரிமையை மீட்டுக் கொடுப்பதே மூன்றாம் அறிவைப் பொறிக்கு ஊட்டும் விஞ்ஞானத்தின் பணியாதல் வேண்டும்.